பேக் ஆஃப் பார்க்கும் நேரம்: வாரம் ஒன்றா, ஒரே மூச்சிலா?

#1 மல்லிச்சரம் (லெஸ்டர்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

செப்டம்பர் பிறந்துவிட்டால் புதன் மதியம் எங்கள் வீட்டுக்கு யாரும் போன் செய்யக் கூடாது. 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்பது கூடாரத்தில் நடக்கும் கேக், ரொட்டி செய்யும் போட்டி; தோற்றவர் வெளியேறுவார். இங்கே பிரிட்டனில் சேனல் 4-இல் செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வரும். செவ்வாய் எனக்கு இரவுப் பணி. அதனால் மறுநாள் தூங்கி எழுந்து, டீ போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, நானும் என் மாமியாரும் ஸ்ட்ரீமிங்கில் பார்ப்போம். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. முதலில் வரிக்கு வரி நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரமே, "நீ சும்மா இரு, எனக்கே புரியுது" என்றுவிட்டார்.

அவர் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறார். மாவு விரலில் ஒட்டுகிறதா, பாத்திரத்தை விட்டு உருண்டு வருகிறதா என்று. "இந்தப் பையன் தண்ணி கூட விட்டுட்டான்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து நடுவரும் அதையேதான் சொல்வார். ஒரு முறை போட்டியாளர் ஒருத்தி ஓவனுக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே எரியும் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொங்கப் பானை முன்னாடி உட்கார்ந்த மாதிரி இருக்கா பாரு" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அந்தக் காட்சி எப்போது வந்தாலும் எனக்குப் பொங்கல் பானைதான் தெரிகிறது.

ஒவ்வொரு சீசனிலும் அத்தை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஜெயிச்சா என்ன தருவாங்க?" பணம் கிடையாது, பெயர் பொறித்த ஒரு கண்ணாடி கேக் தட்டும் பூங்கொத்தும்தான் என்பேன். "அதுக்கா இப்படி அழறாங்க?" என்பார். இன்றுவரை என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? வாரம் ஒன்றா, ஒரே மூச்சிலா? திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் காட்சி எது?

#2 கருப்பட்டி (நியூ ஜெர்சி)

மல்லி அக்கா, இந்த இழைக்காகவே காத்திருந்தேன்.

எங்களுக்கு இங்கே நெட்ஃபிளிக்ஸ். பிரிட்டனில் செவ்வாய் வந்தது இங்கே வெள்ளிக்கிழமைதான் வரும். நடுவில் அந்த மூன்று நாளும் லண்டனில் இருக்கும் என் சித்தி மகளின் செய்தியைத் திறக்கவே மாட்டேன், யார் வெளியே போனார்கள் என்று சொல்லிவிடுவாள். இங்கே நிகழ்ச்சிக்குப் பெயரும் வேறு, 'பேக்கிங் ஷோ'. 'பேக் ஆஃப்' என்ற பெயர் பில்ஸ்பரி நிறுவனத்துக்குச் சொந்தம். 1949-லேயே அமெரிக்காவில் சமையல் போட்டி ஒன்றைத் தொடங்கிய நிறுவனம் அது.

நான் வாரம் ஒன்று கட்சி. வெள்ளி இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு நானும் என் கணவரும் மட்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று போட்டி. முதலாவது அவரவர் வீட்டில் செய்து பழகிய பலகாரம். இரண்டாவது, என்ன வரப்போகிறதென்றே தெரியாத டெக்னிக்கல். மூன்றாவது ஷோ ஸ்டாப்பர், ஆளுயரத்துக்கு எதையாவது கட்டி எழுப்புவார்கள். எனக்குப் பிடித்தது நடுவில் வருவதுதான். எல்லோருக்கும் ஒரே சாமான். கையில் பாதிக் குறிப்பு. சில வாரம் அதில் 'மாவு தயார் செய்யவும்' என்று ஒரே ஒரு வரி இருக்கும். எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி, எதுவும் இருக்காது. நம் அம்மாக்கள் 'பக்குவம் பார்த்து இறக்கு' என்று போனில் சொல்வார்களே, அதேதான்.

அப்புறம் ஒருவர் ஓரக்கண்ணால் பக்கத்து மேசையைப் பார்ப்பார். பக்கத்து மேசைக்காரரும் இவரையே பார்த்துக்கொண்டிருப்பார்!

#3 ரொட்டிக்கடை (கோவை)

நான் பேக்கரியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன். அதில் ஒன்பது வருஷம் பஃப்ஸ் மேசை. இப்போது சொந்தமாகச் சின்னக் கடை. இந்த நிகழ்ச்சியின் துண்டுக் காட்சிகளை யூடியூபில் பார்ப்பேன், அவர்களே போடுகிறார்கள். முழுசாகப் பார்த்தது மகன் லீவுக்கு வந்தபோது அவன் லேப்டாப்பில், இரண்டு சீசன்.

ஒரு விஷயத்தைத் தொழில்காரனாகச் சொல்லணும். அந்தக் கூடாரத்தில் வெயில் ஏறும் நாளில் பஃப் பேஸ்ட்ரி செய்யச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. வெண்ணெயை மாவுக்குள் பொதிந்து, தேய்த்து, மூன்றாக மடிப்பார்கள். திரும்பத் தேய்த்து மறுபடி மூன்றாக மடிப்பார்கள். நாலு தடவை மடித்தால் உள்ளே 81 வெண்ணெய் அடுக்கு, ஆறு தடவை மடித்தால் 729. ஓவனில் அந்த வெண்ணெயில் இருக்கிற நீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும். அதற்கு வெண்ணெய் கெட்டியாக இருக்கணும். அது 32, 33 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். உருகிவிட்டால் மாவு அதைக் குடித்துவிடும், அடுக்கே இருக்காது. நாங்கள் பஃப்ஸுக்கு வெண்ணெய் போடுவதில்லை, அதற்கென்றே வரும் மார்ஜரின்தான். நம் ஊர்ச் சூட்டை அது தாங்கும். அந்தப் பிள்ளைகள் வெண்ணெயில் செய்கிறார்கள்!

மாவு எழும்ப மேசைக்குக் கீழே இளஞ்சூடான ஒரு இழுப்பறை வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து எங்கள் கடைப் பையன்கள் அசந்துபோனார்கள். சித்திரை மாதத்தில் எங்களுக்கு நேர்மாறான கஷ்டம். மாவு சீக்கிரம் பொங்கிவிடாமல் இருக்க ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைவோம்.

'அதுக்கா இப்படி அழறாங்க' என்று மல்லியின் அத்தையம்மா கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில்: நான் முதன்முதலில் ஒரு தட்டு பஃப்ஸ் கருகாமல், சாயாமல் எடுத்தபோது மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. ஒன்றை எடுத்துப் பிட்டு, அடுக்கைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பின்பக்கம் போய் அழுதேன். எனக்கு வயது பதினெட்டு.

#4 மல்லிச்சரம்

அண்ணா, உங்கள் கடைசிப் பத்தியை அத்தைக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "அது சரி" என்று மட்டும் சொன்னார். ரொம்ப நேரம் வேறு எதுவும் பேசவில்லை.

#5 தேன்மொழி (டல்லாஸ்)

நான் எதிர்க்கட்சி. ஒரே மூச்சில் பார்த்தவள். அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அப்பா தவறிய பிறகு ஊரிலிருந்து திரும்பி வந்தேன். வேலைக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. தூக்கம் வரவில்லை. செய்தி பார்க்க முடியவில்லை, சினிமாவில் யாராவது சத்தமாகப் பேசினாலே நெஞ்சு படபடத்தது. தோழி ஒருத்திதான் இதைப் போட்டுவிட்டுப் போனாள். ஒரு பச்சைப் புல்வெளி, வெள்ளைக் கூடாரம், சரம்சரமாகக் குட்டிக் கொடிகள். மழை பெய்தால் கூடாரத்துக் கூரையில் சொட்டும் சத்தம். ஒருவர் எலுமிச்சைத் தோலைத் துருவுகிறார். இன்னொருவர் எட்டிப் பார்த்து "நல்லா வருது" என்கிறார். யாரும் யாருக்கும் குழி பறிப்பதில்லை. வெளியேறுகிறவரை எல்லோரும் சுற்றி நின்று கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாளைக்கு ஆறு பகுதி பார்த்தேன். அடுத்தது தானாக ஓடத் தொடங்கும், நிறுத்த மாட்டேன். மூன்றாவது நாள் எழுந்துபோய் ஒரு முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டேன். நாலு நாளில் எனக்குப் பசித்தது அப்போதுதான். வாரம் ஒன்றுதான் சரியான முறை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அந்த வாரம் எனக்கு ஒன்று போதவில்லை, அவ்வளவுதான்.

(2018 சீசன் இன்னும் முடிக்கவில்லை. தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.)

#6 கருப்பட்டி

தேனு, கட்சியெல்லாம் ஒன்றும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி.

#7 வாத்தியார் (திருச்சி)

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். மகள் வீடு இங்கிலாந்தில், ரெடிங்கில். அங்கே போயிருந்தபோது இந்த நிகழ்ச்சி பழக்கமாகி, ஊர் திரும்பியும் விடவில்லை.

கூடாரம் போடும் இடம் பெர்க்‌ஷயரில் நியூபரி பக்கத்தில் உள்ள வெல்ஃபோர்ட் பார்க். 2014 முதல் அங்கேதான், கொரோனா காலத்தில் இரண்டு சீசன் மட்டும் எசெக்ஸில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பிப்ரவரியில் ஸ்னோடிராப் பூப் பார்க்க அந்தத் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். மகளோடு போயிருந்தேன். மரத்தடியெல்லாம் வெள்ளைப் பூ, தும்பைப் பூவைத் தரையில் பரப்பினாற்போல. கூடாரம் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் புல்வெளி ஓரத்தில் நின்று, இந்த இடமாக இருக்குமோ, அந்த இடமாக இருக்குமோ என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2018 இறுதிப் போட்டி. ராகுல் மண்டல் கொல்கத்தாவிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர். ஷோ ஸ்டாப்பர் செய்துகொண்டிருக்கும்போது அவருடைய மேசையில் இருந்த கண்ணாடி ஜாடி சூட்டில் வெடித்துச் சிதறியது. கண்ணாடியின் ஒரு பகுதி சூடாகி விரிய, மற்றப் பகுதி விரியாமல் நிற்கும்போது இப்படித்தான் தெறிக்கும். சாமான் மேலெல்லாம் சில்லு. மேசையையே துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அவருக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மற்ற இருவரும் அதற்கு முகம் சுளிக்கவில்லை. ராகுல் அந்தக் கூடாரத்தில் எப்போதும் ஒரு மன்னிப்போடுதான் நடந்துகொள்வார், நல்லது செய்தாலும் நம்ப மாட்டார். அப்படிப்பட்டவருக்கு அன்றைக்கு இப்படி. கடைசியில் [முடிவை நீக்கிவிட்டேன் – வாத்தியார்]

#8 தேன்மொழி

ஐயா! நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன்.

#9 வாத்தியார்

அம்மா, உங்கள் கடைசி வரியைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். பெரிய தவறு, மன்னிக்க வேண்டும்.

#10 தேன்மொழி

பரவாயில்லை ஐயா. நேற்று இரவு உட்கார்ந்து முடித்துவிட்டேன். என்ன நடக்கும் என்று தெரிந்துமே ஜாடி வெடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

#11 ஹாரோவாசி (லண்டன்)

வாத்தியார் ஐயாவிடம் ஒரு அறிவியல் கேள்வி. அதோடு ஒரு வழக்கும் இருக்கிறது.

2014 சீசன், இனிப்பு வாரம், பேக்ட் அலாஸ்கா. கேக் மேல் ஐஸ்கிரீம், அதைச் சுற்றி அடித்த வெள்ளைக்கரு, அப்படியே சூடான ஓவனில். உள்ளே ஐஸ்கிரீம் உருகாமல் எப்படி நிற்கிறது? இதுதான் கேள்வி. இனி வழக்கு. கொதிக்கிற நாள் அது. இயன் என்ற போட்டியாளரின் ஐஸ்கிரீமை, இன்னொருவர் தன்னுடையதை வைப்பதற்காக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்துவிட்டார். இயன் வந்து பார்த்தால் ஐஸ்கிரீம் கெட்டியாகவே இல்லை. கோபத்தில் மொத்தத்தையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். தீர்ப்பு நேரத்தில் அந்தத் தொட்டியைத் தூக்கி வந்து நடுவர் மேசையில் வைத்தார். அன்றே வெளியேற்றப்பட்டார். நாடே கொதித்தது, ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு நூற்றுக்கணக்கில் புகார் போனது.

அன்று முதல் நான் இயன் பக்கம். தன் தவறில்லாத ஒன்றுக்கு ஒருவர் போட்டியை விட்டே போவது எப்படி நியாயம்?

#12 ரொட்டிக்கடை

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். சாமானைக் குப்பையில் போடக் கூடாது. உருகினது உருகினபடியே கொண்டுபோய் வைத்திருக்கணும். கேக் பகுதி நன்றாக இருந்ததா, வெள்ளைக்கரு நன்றாக வந்ததா என்று நடுவர் ருசி பார்க்க ஏதாவது இருந்திருக்கும். அப்போது நடுவராக இருந்த மேரி பெரி அதைத்தான் பார்ப்பார். ஒன்றும் இல்லாத தட்டுக்கு என்ன மார்க் போடுவது?

ஐஸ்கிரீமை எடுத்து வெளியே வைத்தவர் மேல் ஜனங்கள் பாய்ந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் இடம் போதாத ஃப்ரீசர், கதவைத் திறக்கத் திறக்கக் குளிர் வெளியே போய்க்கொண்டிருக்கும். வேலை நடக்கிற சமையல்கட்டில் இது தினம் நடக்கிறது. அந்த வயதானவரை அப்படித் திட்டியிருக்க வேண்டாம்.

#13 ஹாரோவாசி

உருகியதைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்பது சரிதான் அண்ணா. அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. அந்த அம்மாவைத் திட்டினதும் தவறுதான், அவர் உடல்நிலை சரியில்லாமல் அடுத்த வாரமே போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஆனாலும் இயன் வெளியே போய்ப் புல்லில் நின்ற காட்சியை நான் மறக்க மாட்டேன்.

#14 வாத்தியார்

அறிவியல் கேள்விக்கு வருகிறேன். குச்சி ஐஸ் விற்பவர் தெர்மாகோல் பெட்டி வைத்திருப்பாரல்லவா? அடித்த வெள்ளைக்கருவும் அதேதான். எண்ணில்லாத குட்டிக் குமிழ்கள், ஒவ்வொன்றிலும் நகர முடியாமல் அடைபட்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஓவன் சூடு வெளிப்புறத்தைப் பொன்னிறமாக்கும் நேரத்துக்குள் உள்ளே போய்ச் சேராது. கீழே இருக்கும் கேக்கிலும் அதே காற்றுப் பைகள்தான். ஆனால் ஒரு நிபந்தனை: ஐஸ்கிரீம் உள்ளே போகும்போது கல் மாதிரி உறைந்திருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டி குளிரைக் காக்கும், உண்டாக்காது. அன்று இயன் கையில் இருந்தது பாதி உறைந்த ஐஸ்கிரீம்.

#15 கருப்பட்டி

ஐயா, இதை என் மகளுக்குக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கப் போகிறாளாம். ஃப்ரீசரில் இடம் ஒதுக்கியாயிற்று, கதவில் காகிதமும் ஒட்டியாயிற்று: 'யாரும் எடுக்கக் கூடாது'.

#16 நிலாமுற்றம் (மதுரை)

புதிதாக வருகிறேன், எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதைச் சொல்லாமல் புகழ மட்டும் என்னால் முடியாது.

2022-இல் மெக்சிகோ வாரம் என்று ஒன்று வந்தது. தொகுப்பாளர்கள் இருவரும் மெக்சிகோ தொப்பியும் போர்வையும் போட்டுக்கொண்டு அந்த நாட்டை வைத்தே கேலி பேசினார்கள். டெக்னிக்கல் என்று கல்லில் சுடும் டாக்கோ செய்யச் சொன்னார்கள், பேக்கிங் போட்டியில்! மெக்சிகோவில் பான் டுல்சே என்று ரொட்டி வகைகள் அத்தனை இருக்க, ஒரு நாட்டின் சமையலை இப்படியா காட்டுவது? 2020-இல் ஜப்பான் வாரத்தில் ஆவியில் வேகவைக்கும் பன் செய்யச் சொன்னபோதும் இதே உறுத்தல் எனக்கு இருந்தது. நம் தோசையை யாராவது இப்படிக் கையாண்டால் சும்மா இருப்போமா?

#17 ஹாரோவாசி

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பகுதியை நாங்கள் பாதியில் நிறுத்திவிட்டோம். விமர்சனம் பலமாக வந்ததால் 2023-இலிருந்து நாட்டுப் பெயர் வைத்த வாரமே கிடையாது என்று தயாரிப்பாளர்கள் முடிவெடுத்தார்கள். அதற்கடுத்த சீசன் எனக்கு மனசுக்கு நெருக்கமாக இருந்தது. கேக், பிஸ்கட், ரொட்டி என்று பழையபடி.

பழையது என்றதும் ஞாபகம் வருகிறது. 2010-இல் பிபிசி இரண்டில் தொடங்கியபோது பத்தே போட்டியாளர்கள், ஆறே பகுதி. கூடாரம் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஊரில். 2017-இல் சேனல் 4-க்கு மாறியபோது மேரி பெரி பிபிசியோடு நின்றுவிட்டார், தொகுப்பாளர்கள் மெல், சூ இருவரும் வரவில்லை. நடுவர்களில் பால் ஹாலிவுட் மட்டும் போனார், மேரியின் இடத்துக்கு ப்ரூ லீத் வந்தார். மெல்லும் சூவும் இல்லாத முதல் பகுதியை நான் நம்பிக்கையில்லாமல்தான் பார்த்தேன். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது என்று சூ ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். போட்டியாளர் யாராவது உடைந்து அழுதால் இருவரும் போய்த் தங்கள் கோட்டால் மறைத்து நிற்பார்களாம். கெட்ட வார்த்தையாகப் பேசுவார்களாம், அந்தக் காட்சியை ஒளிபரப்பவே முடியாமல் போகட்டும் என்று.

#18 தேன்மொழி

இதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். மெல், சூ இருக்கும் பழைய சீசன்களை மறுபடி ஆரம்பிக்கிறேன்.

#19 நிலாமுற்றம்

எனக்கும் அவர்கள்தான் பிடிக்கும். இன்னொன்று பிடித்தது படங்கள். போட்டியாளர் தான் செய்யப்போவதை விவரிக்கும்போது திரையில் ஒரு கோட்டோவியம் வரும், வண்ணம் தீட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டு. தொடக்கத்திலிருந்து டாம் ஹோவி என்ற ஓவியர்தான் வரைகிறார். அந்தப் படத்தில் எதுவும் சாய்ந்திருக்காது, க்ரீம் வழிந்திருக்காது. மேசையில் என்ன ஆனாலும், அவர்கள் மனதில் நினைத்தது என்ன என்பதை நாம் ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்துவிடுகிறோம். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

#20 ரொட்டிக்கடை

நிலா அம்மா சொன்ன பிறகு நானும் அந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கல்யாண கேக் ஆர்டர் எடுக்கும்போது நானும் இப்படி ஒரு படம் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

கைகுலுக்கல் பற்றி யாரும் பேசவில்லையே. பலகாரம் ரொம்பப் பிடித்துப்போய் பால் ஹாலிவுட் எப்போதாவது கை நீட்டினால் அது பெரிய விஷயமாக இருந்தது. நடுவில் சில சீசன்களில் கை நீட்டுவது ரொம்ப அதிகமாகிவிட்டது. எங்கள் மேஸ்திரி மாதிரி தலை மட்டும் ஆட்டியிருக்கலாம்.

#21 மல்லிச்சரம்

அண்ணா, கைகுலுக்கல் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி.

வேலை அலைச்சலில் நாலு நாள் வர முடியவில்லை. இதற்குள் எத்தனை விஷயம்! அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இயன் வழக்கில் அவர் ரொட்டிக்கடை அண்ணா பக்கம். "சோத்தைக் குப்பையில் போடுறவனுக்கு என்ன பேச்சு" என்கிறார்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது என்று இன்னும் சொல்லவில்லை. 2015 இறுதிப் போட்டி, நதியா ஹுசைன். பத்து வருடம் தாண்டிவிட்டது, முடிவைச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். லூட்டனில் பிறந்து வளர்ந்த வங்காளதேசக் குடும்பத்துப் பெண். அவருடைய கல்யாணத்தில் கேக் வெட்டும் வழக்கமெல்லாம் இல்லை. இறுதிப் போட்டியில் தனக்கென்று ஒரு கல்யாண கேக் செய்தார். உள்ளே எலுமிச்சை, சுற்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் புடவைத் துணி, அதன்மேல் தன் கல்யாண நகைகள். அன்று இரவு 1.3 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அடுத்த வருடம் மகாராணியின் 90-ஆவது பிறந்தநாளுக்கு ஆரஞ்சு கேக் செய்துகொடுத்தவரும் அவர்தான்.

அவர் ஜெயித்ததும் பேசிய பேச்சைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மனதில் தங்கியது வேறு. சின்ன வயதில் அவர் வீட்டு ஓவன் வாணலிகளை அடுக்கி வைக்கும் இடமாகத்தான் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொல்லிக்கொடுத்துத்தான் ஓவன் எதற்கு என்றே தெரிந்ததாம். இதைக் கேட்டதும் நான் திரும்பி எங்கள் சமையலறையைப் பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாள் முதல் எங்கள் ஓவனில் இருப்பது இரண்டு வாணலி, ஒரு இட்லித் தட்டு, அப்பளம் பொரிக்கும் சட்டி, மூடி இல்லாத ஒரு குக்கர்.

நேற்று அந்தப் பகுதியை அத்தைக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். நதியா பேசும்போது இந்த முறை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் பாத்திரச் சத்தம். போய்ப் பார்த்தால் எல்லாம் வெளியே, தரையில். தலையை உள்ளே விட்டு ஈரத்துணியால் ஓவனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "நீ எங்க வேணாலும் அடுக்கிக்கோ. எனக்கு ஒரு கேக் செய்யணும். முதல்ல எதைச் செய்யலாம்னு அந்தக் கோயம்புத்தூர்த் தம்பிகிட்டக் கேளு."

அண்ணா, கேட்கிறேன். எதிலிருந்து தொடங்கச் சொல்லலாம்?

#22 கருப்பட்டி

படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது அக்கா. சீக்கிரம் பதில் சொல்லுங்கள் அண்ணா.

#23 ரொட்டிக்கடை

கடை மூடி இப்போதுதான் பார்த்தேன். விக்டோரியா சாண்ட்விச் செய்யச் சொல்லுங்கள். பெயரைப் பார்த்து ரொட்டி என்று நினைக்க வேண்டாம், இரண்டு தட்டு கேக், நடுவில் ஜாம். இதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அம்மாவுக்கு ஆங்கிலக் குறிப்பே தேவைப்படாது. நாலு முட்டையை ஓட்டோடு எடை போடுங்கள். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மாவு. அங்கே பேக்கிங் பவுடர் கலந்த மாவு 'செல்ஃப் ரைசிங்' என்று கிடைக்கும், அதை வாங்குங்கள்.

வெண்ணெய் விரல் வைத்தால் பதியணும், உருகியிருக்கக் கூடாது. சர்க்கரையோடு சேர்த்து வெள்ளையாக நுரைத்து வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கணும், திரிவது மாதிரி தெரிந்தால் ஒரு கரண்டி மாவு தூவலாம். மாவு போட்ட பிறகு மட்டும் அடிக்கவே கூடாது. அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்கணும். 20 செ.மீ. தட்டு இரண்டு, வெண்ணெய் தடவி. ஓவன் 180 டிகிரி, உள்ளே விசிறி ஓடுகிற ஓவன் என்றால் 160. இருபத்தைந்து நிமிஷம்.

முதல் இருபது நிமிஷம் கதவைத் திறக்கக் கூடாது. கேக் அமுங்கிவிடும். அம்மாவை முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், கண்ணாடி வழியாகத் தெரியும்.

#24 மல்லிச்சரம்

நாற்காலி வேண்டாமாம். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினோரு நிமிடம் ஆகிறது.